கிள்ளானின் கடல்கதவு

கோலாலம்பூரில் விடுதிக்குள் நுழைந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "மேல் மாடியில் அறை இருக்கிறதா?" என்பதுதான். வரவேற்பில் இருந்தது தமிழ்ப் பெண். "மேல போனா லிஃப்ட் ரொம்ப ஸ்லோ ஆன்டி, கீழேயே எடுத்துக்குங்களேன்" என்றாள். எனக்குக் கீழ்த்தளம் ஆகாது. தாம்பரத்துக்கு மேற்கே இருக்கும் எங்கள் தெருவில் ஒரு மழைக்காலத்தில் கழுத்தளவு தண்ணீர் வந்தது. நானும் என் கணவரும் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் ஈர பிஸ்கட்டைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம். அதிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும், தண்ணீர் வந்தால் எங்கே ஏறுவது என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். ஊர் பார்ப்பதெல்லாம் அப்புறம்.

இப்படிப்பட்ட ஒருத்தியைத்தான் எங்கள் தெரு நலச்சங்கம் மலேசியாவுக்கு அனுப்பியது. என் நாத்தனார் சில வருஷம் இங்கே சுங்கை வே பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அங்கே அவளுக்குச் சிநேகிதியானவள் கமலா, பக்கத்துக் கிள்ளான் ஊர்க்காரி. கமலாவும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து தங்கள் குடியிருப்புக்குள் வெள்ளம் வராமல் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள் என்று நாத்தனார் சொல்லிச் சொல்லி, எங்கள் சங்கத்துக்கே ஆசை வந்துவிட்டது. யாராவது நேரில் பார்த்துவிட்டு வந்தால் நம்முடைய கால்வாய்க்கும் ஏதாவது செய்யலாமே என்றார்கள். யார் போவது என்ற பேச்சு வந்தபோது, கையில் காலாவதியாகாத பாஸ்போர்ட் வைத்திருந்தது நான் மட்டுமே.

முதல் நாள் நம் ஆட்கள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் பேட்டையில் கழிந்தது. மதியம் வாழையிலைச் சாப்பாடு. பாகற்காயை அப்பளம் மாதிரி நொறுங்க வறுத்து இலையில் குவிக்கிறார்கள். நான் வெட்கமில்லாமல் மறுபடியும் கேட்டு வாங்கினேன். சாப்பிட்டு வெளியே வந்தால் பூக்கடைகள். நம்மூர் பூக்கடைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் கண்ணில் பட்டது. கடைக்குப் பின்னால் வாடிய மாலைகளை மூட்டை கட்டி ஒழுங்காக அடுக்கியிருந்தார்கள். இது எங்கே போகும் என்று கடைக்கார அம்மாளைக் கேட்டேன்.

"முன்ன ஆத்துலதான் போடுவாங்க. இப்ப கிள்ளான்லேர்ந்து ஒரு வேன் வருது. உரம் பண்றாங்களாம்லா" என்றார். பேச்சின் கடைசியில் "லா" ஒட்டுவது இந்த ஊர் வழக்கம்.

அந்த வேன்தான் என்னையும் கூட்டிப்போக வந்திருந்தது. ஓட்டிவந்தவர் சேகர், கமலா வீட்டுக்கு எதிர்வீடு. பின்கதவைத் திறந்தார். அழுகிய செவ்வந்தியும் ரோஜாவும் சேர்ந்து அடித்த நெடியில் சாப்பிட்ட பாகற்காய் தொண்டைக்கு வந்தது. "முன்னாடி சீட்டுலயும் மூட்டை வெச்சிட்டேன்கா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி உக்காருங்க" என்றார். நாளைக்கு ரயிலில் வந்துகொள்கிறேன் என்று கும்பிடு போட்டேன்.

ரயிலில் வந்திருக்கக் கூடாது. பாதி வழியில் வானம் இருண்டு இடி விழுந்தது. அந்த ஊர் இடி நம்மூர் இடி இல்லை. தலைக்கு மேலேயே வைத்து வெடிக்கிறார்கள். இரண்டு நிலையங்களுக்கு நடுவே ரயில் நின்றுவிட்டது. விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வாய்க்கால், அதில் பழுப்பு நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தேன். பக்கத்தில் தலையில் துணி போர்த்திய மலாய்ப் பெண் உட்கார்ந்திருந்தாள், கல்லூரி மாணவி போல. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில், "மழை வந்தால் இப்படித்தான் நிற்கும் ஆன்டி. நான் வழக்கமாகத் தூங்கிவிடுவேன்" என்றாள். சொன்னபடியே தூங்கியும் விட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது.

கிள்ளான் நிலையத்தில் கமலா குடையோடு நின்றாள். ஐம்பதை நெருங்குகிறவள், ஒல்லி, சட்டையும் முழங்காலுக்குக் கீழே வரும் காற்சட்டையும் போட்டிருந்தாள். "வாங்கக்கா! பசியாறிட்டீங்களா?" என்றாள். இங்கே காலைச் சாப்பாட்டை அப்படித்தான் கேட்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் உடனே பிடித்துப்போயிற்று.

அவள் வீடு கிள்ளானிலிருந்து காப்பார் போகும் பக்கம், கடலுக்குக் கிட்டே. ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒற்றைமாடி வீடுகளின் வரிசை. இங்கே ஒற்றைமாடி என்றால் தரைத்தளம் மட்டும்தான். மேலே ஏற வழியே இல்லை. சாய்ந்த ஓட்டுக்கூரை.

உள்ளே அவள் கணவர் ராஜன் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். நான் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளிச் சொன்னார். சர்க்கரை நோயில் பார்வை மங்கிவிட்டது, சிறுநீரகங்களும் போய்விட்டன. வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைத்திருக்கிறார்கள். தினம் சில தடவை அதன் வழியே பழைய நீரை வடித்துவிட்டு, பையிலிருந்து புது மருந்துநீரை ஏற்ற வேண்டும். அதற்கென்று ஓர் அறை, கண்ணாடிக் கதவு போட்டு ஆஸ்பத்திரி போல வைத்திருந்தாள் கமலா. பைகளின் அட்டைப்பெட்டிகள் இரும்பு ராக்கில் கூரைவரை இருந்தன.

"முன்ன ஒரு தடவை கடல்தண்ணி உள்ள வந்துச்சுக்கா. அந்த அழுக்குலயே பை மாத்தினோம். வயித்துல கிருமி போயி, இவர் பொழைச்சதே பெரிசு" என்றாள். "திரும்ப ஒரு இன்ச் தண்ணி வந்தாலும் இந்த ரூம் போச்சு. ரூம் போனா இவரும் போச்சு. அதான் நான் இதுல இறங்கினேன். ஊருக்கு நல்லது பண்ணணும்னுலாம் இல்ல."

ராஜன் பக்கத்திலேயே உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏதோ பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவது போலத் தலையாட்டினார்.

மழை விட்டதும் கமலா என்னைக் கதவைக் காட்டக் கூட்டிப்போனாள். குடியிருப்பின் மழைநீரெல்லாம் ஒரே கால்வாயில், இவர்கள் பேச்சில் லோங்காங்கில், சேர்ந்து, கடலோரத்து மண்கரையைத் துளைத்துப் போகிறது. கரைக்கு அந்தப்பக்கம் சேறும் அலையாத்திச் செடிகளும். துளையின் கடல்பக்க வாயில் ஓர் இரும்புக் கதவு, மேலே மட்டும் கீல் வைத்துத் தொங்குகிறது. கடல் வற்றியிருந்தால் கால்வாய்த் தண்ணீர் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே போகும். கடல் ஏறினால் கடலே கதவை அழுத்தி மூடிவிடும். அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் அந்த இடுக்கில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக் கால் மாட்டினாலும் கதவு மூடாது, கடல் வீட்டுக்கு வந்துவிடும். அதனால்தான் கால்வாயில் எதுவும் போடக்கூடாது என்று கமலாவின் ஆட்கள் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள், கரையோரம் மரம் வைத்தார்கள், பெரிய கடலேற்றம் வரும் நாட்களில் முறைபோட்டுக் காவல் இருக்கிறார்கள்.

கமலா சட்டைப்பையிலிருந்து செவ்வந்தி இதழ்களை எடுத்துத் தண்ணீரில் தூவினாள். அவை மெல்லக் கடல்பக்கம் நகர்ந்தன. "பூ அந்தப் பக்கம் போனா நிம்மதி" என்றாள். நான் பூவைப் பார்க்கவில்லை. எதிர்க்கரையில் என் கைநீளத்துக்கு மேல் ஓர் உடும்பு படுத்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. "அது ஒண்ணும் பண்ணாதுக்கா" என்றாள் கமலா. ஒன்றும் பண்ணாது என்று சொல்லப்பட்டவை எல்லாம் என்னை ஏதாவது பண்ணியிருக்கின்றன.

அன்று தெருமுனை அம்மன் கோயிலில் திருவிழாவின் கடைசி நாள். பந்தல் வாசலில் இரண்டு பக்கமும் குலையோடு வாழைமரம் கட்டியிருந்தார்கள். கமலாவுக்குப் பெரிய சண்டையே இந்தக் கோயிலோடுதான் நடந்ததாம். சாமிக்குச் சாத்தியது கால்படாத இடத்தில், ஓடுகிற தண்ணீரில்தான் சேரவேண்டும் என்பது வழக்கம். இங்கே ஓடுகிற தண்ணீர் என்றால் இந்தக் கால்வாய். யாரும் மிதிக்காதபடி வேலி போட்டு, கோயில் நிலத்திலேயே உரக்குழி வெட்டித் தருகிறோம் என்று மூன்று வருஷம் மன்றாடி, போன வருஷம்தான் சம்மதிக்க வைத்தாள். இப்போது பூசாரியே மாலைகளைக் கூடையில் கொண்டுவந்து குழியில் போடுகிறார். எங்கள் தெருவில் இதைச் சொன்னால் என்னை ஊர்விலக்கு செய்துவிடுவார்கள்.

மறுநாள் ஞாயிறு காலை ஊரே கால்வாயில் இறங்கியது. கூடி வேலை செய்வதைக் கோத்தோங் ரோயோங் என்கிறார்கள். மலாய்க்காரர்கள், சீனர்கள், நம் ஆட்கள், எல்லோரும் ரப்பர் காலணியோடு. நான் கரையில் நின்று நாசி லெமாக் பொட்டலங்களுக்குக் காவல் இருந்தேன். தேங்காய்ப்பால் சோற்றின் வாசனையும் சேற்று நாற்றமும் மாறி மாறி வந்தன. ஒரு சீனப் பெரியவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். "இந்தியாவிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் சேற்றைத் தொட மாட்டாரா என்று கேட்கிறார்" என்று சேகர் மொழிபெயர்த்துச் சொன்னார். தொட மாட்டேன் என்றேன். கதவைக் கழுவி, கீலுக்கு எண்ணெய் விட்டு, ஆட்டிப் பார்த்தார்கள். சாயங்காலம் பெரிய கடலேற்றம். எல்லாம் சரியாக இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மழை பிடித்தது. எதிர்வீடு தெரியவில்லை. கமலா கொஞ்ச நேரம் வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து, "அக்கா, நான் கதவுகிட்ட போயிட்டு வரேன். நீங்க இவர்கூட இருங்க" என்றாள். அந்த வீட்டில் ஏறி நிற்க இடமில்லை என்று வந்ததிலிருந்தே கணக்குப் போட்டுக்கொண்டிருந்த எனக்கு, கரை உயரமாயிற்றே என்றுதான் தோன்றியது. "நானும் வரேன்" என்றேன். அவள் அதைத் துணிச்சல் என்று நினைத்துக்கொண்டாள்.

சேகர் ஏற்கெனவே கரையில் இருந்தார். கால்வாய் காலையில் பார்த்ததற்கு இரண்டு பங்கு ஏறியிருந்தது. மழைத்தண்ணிதான் என்றார். கமலா இதழ்களைத் தூவினாள். அவை ஒரு கணம் நின்றன. பிறகு திரும்பி, எங்கள் காலடியைத் தாண்டி, வீடுகளை நோக்கி ஓடின.

"பூ உள்ள வருது" என்றாள். அந்தக் குரலை அதுவரை அவளிடம் நான் கேட்டதில்லை.

கதவு மூடவில்லை. அதன் இடுக்கில் ஒரு முழு வாழைமரம் மாட்டியிருந்தது. கடல் அந்த வழியாகக் கொப்பளித்துக்கொண்டு உள்ளே வந்தது. சேகர் போனில் எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டே வேனிலிருந்து கயிற்றை எடுத்து வந்தார். கதவுக்கு மேலே ஒரு குறுகலான சிமெண்ட் திட்டு. சேகர் ஆள் பருமன், அதில் கொள்ள மாட்டார். கமலா குப்புறப் படுத்து, தலையையும் கைகளையும் தண்ணீரை நோக்கித் தொங்கவிட்டாள்.

"அக்கா, என் கால்மேல உக்காருங்க!"

"என்ன?"

"உக்காருங்கலா! நான் விழுந்துடுவேன்!"

உட்கார்ந்தேன். கீழே தண்ணீர் இரைகிற இரைச்சலில் திட்டு அதிர்ந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. இவள் விழுந்தால் நானும் விழுவேன், இரண்டு பேரும் அந்த வாழையோடு போவோம், என் கணவருக்கு யார் தகவல் சொல்வார்கள் என்றெல்லாம் ஓடியது. கண்ணை மூடிக்கொண்டு அவளுடைய கால்சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வாயில் முருகா முருகா என்று வந்ததா, வெறும் அலறல் வந்ததா, தெரியாது. டாக்டர்கள் குறைக்கச் சொல்லும் என் எடை அன்றைக்குத்தான் யாருக்கோ உதவியது.

அவள் எப்படியோ கயிற்றை மரத்தில் சுற்றிவிட்டாள். அதற்குள் தெரு ஓடிவந்திருந்தது. சீனப் பெரியவரும் பூசாரியும் சேகரும் இன்னும் யார் யாரோ கயிற்றைப் பிடித்து மலாயில் ஒன்று இரண்டு மூன்று சொல்லி இழுத்தார்கள். மரம் நழுவி உள்பக்கம் வந்தது. கதவு படாரென்று அடைந்தது. கமலா வீரிட்டாள். கதவின் விளிம்பில் ஒட்டியிருந்த சிப்பிகள் அவளுடைய வலது உள்ளங்கையைக் கிழித்துவிட்டன.

வீட்டுக்கு வந்தபோது தெருவில் தண்ணீர் வாசற்படியின் மேல்விளிம்பில் நின்றது. கடல் இனி வராது. ஆனால் அது இறங்கும்வரை மழைத்தண்ணீரும் வெளியே போக முடியாது. மழை விட்டால் தப்பித்தோம். விடவில்லை என்றால் இல்லை. ராஜன் கண்ணாடி அறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மதியப் பை மாற்றும் நேரம் கடந்து வெகுநேரமாகியிருந்தது.

கமலா தன் கையைப் பார்த்தாள். கட்டுத்துணியில் ரத்தமும் சேறும். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்னால முடியாது கமலா" என்றேன். நிஜமாகவே முடியாது. எனக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும்.

"இந்தக் கையோட நான் உள்ள போகக்கூடாதுக்கா. அவருக்குக் கண்ணு தெரியாது. ஊர்ல எல்லாரும் சேறும் சகதியுமா நிக்கிறாங்க. குளிச்சிட்டு வாங்க, நான் கதவுக்கு வெளிய நின்னு சொல்றேன்."

குளித்தேன். முகமூடி கட்டினேன். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினேன்; போதாது என்றாள், மறுபடி கழுவினேன். சன்னலை மூடி, விசிறியை நிறுத்தி, மேசையைத் துடைத்தேன். குழாயின் முனையைத் திறந்து பையின் முனையோடு பொருத்த வேண்டும். நடுவில் அது எதையும் தொடக்கூடாது, என் விரலைக்கூட. என் கை ஆடியது. கண்ணாடிக்கு வெளியே கமலா மூச்சை நிறுத்திக்கொண்டு பார்த்தாள். ராஜன் தம் விரல்களை என் மணிக்கட்டில் வைத்து அழுத்தினார். ஆட்டம் நின்றது. முனைகள் சேர்ந்தன.

பழைய நீர் வடியக் கொஞ்ச நேரம் ஆகும். மழைச்சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"அக்கா, அந்த வாழையைத் தண்ணில விடச் சொன்னது நான்தான்" என்றார் ராஜன்.



"எனக்கு ஒடம்பு சரியாகணும்னு வேண்டிக்கிட்டுக் கட்டின மரம். பந்தல் பிரிக்க வந்தவங்க வாசல்ல வந்து, உரக்குழில போடப் போறோம்னாங்க. என் வேண்டுதலைக் கொண்டுபோய் காய்கறித் தோலோட போட்டா, அம்மா என்னை விட்டுடுவாளோன்னு பயந்துட்டேன். கமலா சாப்பாடு பொங்கிக்கிட்டு இருந்தா. லோங்காங்லயே விட்டுடுங்க தம்பின்னு சொல்லி அனுப்பிட்டேன். அவகிட்ட சொல்லாதீங்கக்கா."

கண்ணாடிக்கதவு ஒன்றும் அத்தனை கனமில்லை; சொன்னது வெளியே கேட்டுவிட்டது. கமலா நின்ற இடத்திலிருந்து நகர்ந்து, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். 

"ஊர்ல எல்லார் வீட்டு வாசல்லயும் போய் நின்னு பேசினேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலீங்க." பிறகு, "எனக்கும் பயமாத்தான் இருக்கு. தெனமும். உங்ககிட்ட எப்படிச் சொல்றது?" என்றாள். ராஜன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். அவர் அழுதார், நானும் முகமூடிக்குள் அழுதேன். கண்ணைத் துடைத்த கையைக் கழுவிவிட்டு வாங்க என்று கமலா என்னை அதட்டினாள்.

மழை இருட்டுவதற்குள் விட்டது. தண்ணீர் படியைத் தாண்டவில்லை. எனக்கோ புதுப் பயம் பிடித்துக்கொண்டது. என் கை மூலம் கிருமி போயிருந்தால், அடுத்த சில நாளில் வடிகிற நீர் கலங்கலாக வரும் என்றாள் கமலா. பையைத் தூக்கிப் பிடித்தால் பின்னால் இருக்கும் எழுத்து படிக்கிற மாதிரித் தெளிவாக இருக்க வேண்டுமாம். நான் கிளம்பிய காலை தெளிவாகத்தான் இருந்தது. இன்னும் பார்க்க வேண்டும் என்றாள்.

தாம்பரம் வந்தபின் தினமும் காலையில் பையின் படம் அனுப்பினாள். பின்னால் தேதிக் காலண்டரின் எழுத்துகள். நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். சங்கத்தில் என்ன பார்த்தாய் என்று கேட்டவர்களிடம் அப்புறம் சொல்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை படம் வரவில்லை. காபி குடிக்கவில்லை. பத்து தடவை போனைப் பார்த்தேன். மதியம்வரை பொறுத்து, அதற்குமேல் முடியாமல் கூப்பிட்டேன்.

"ஐயோ, மறந்தே போயிட்டேன்கா! காலையில கோத்தோங் ரோயோங்ல. பை கண்ணாடி மாதிரி இருக்கு" என்றாள் கமலா. எனக்கு வந்த கோபத்தில் நல்ல வார்த்தை நாலு கொடுத்தேன். அவள் சிரித்துக்கொண்டே போனை ராஜனிடம் தந்துவிட்டாள். பின்னால் கத்தியால் வெட்டும் சத்தமும் பேச்சும் கேட்டன.

"அக்கா, நானும் வந்திருக்கேன். அந்த வாழை கரையிலயே கெடந்துச்சுலா. சேகர் வெட்டிக் கொடுத்தார், நானே குழியில போட்டேன்" என்றார்.

"பயமா இல்லையா ராஜன்?"

"பயமாத்தான்கா இருந்துச்சு. கமலா கையைப் புடிச்சுக்கிட்டுப் போட்டேன்."